நான்காவது கை

மூன்று மென்பொருள்களில் இரண்டு ஒரே விடையைத் தந்தன. மூன்றாவது மட்டும் முரண்டு பிடித்தது.

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், ஜன்னலில்லாத அறையில், மதியச் சாப்பாட்டையும் மறந்து உட்கார்ந்திருந்தாள் புள்ளியியலாளர். நாற்பது நோயாளிகள், ஒவ்வொருவருக்கும் மூன்று செவிலியர்கள் தனித்தனியே மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணிய நாடித்துடிப்பு. எண்கள் ஏறி இறங்குவதில் நோயாளியின் பங்கு எவ்வளவு, எண்ணிய கையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வேண்டியது அவள் வேலை. கையின் பங்கு கிட்டத்தட்ட பூஜ்யம் என்றன முதல் இரண்டும். மூன்றாவது, அறுபத்தொரு சதவீதம் என்றது.

கணக்கிடும் முறை வேறானால் விடை கொஞ்சம் விலகும்; அது அவளுக்குப் பழக்கம்தான். இது கொஞ்சமில்லை. ஏசி முனகிக்கொண்டிருக்க, ஈரப் பஞ்சும் மருந்தும் கலந்த வாடை எங்கிருந்தோ கசிந்து வர, மூன்றாவதன் அறிக்கையை வரிவரியாகப் படித்து இறங்கியவள் ஓரிடத்தில் நின்றாள்.

எண்ணியவர்கள்: 4.

தலைமைச் செவிலிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, நாடி பாத்தது மூணு பேரா, நாலு பேரா?"

"மூணு பேருதாம்மா. நாலாவது ஆளுக்கு நான் எங்க போவேன்? இருக்கறவங்களுக்கே லீவு குடுக்க முடியல." சிரித்தாள்.

"நாலாவதா ஒருத்தர் ஆறு பேருக்குப் பாத்ததா வருதுக்கா. படுக்கை மூணு, ஒன்பது, பதினாலு..." மீதியையும் வாசித்தாள்.

சிரிப்பு நின்றது.

"அந்த ஆறு பேரும் இப்ப இல்லம்மா. பதினாலு இன்னிக்குக் காலையிலதான்..."

போனை வைக்காமலே, அவசரமாக மூலக் கோப்பைத் திறந்தாள். நான்காவது ஆள் எண்ணியதாக ஒரு வரிகூட அதில் இல்லை. மூன்று மென்பொருள்களையும் மறுபடி ஓட்டினாள்.

இந்த முறை மூன்றும் ஒத்துப்போயின. கடைசித் தசமம் வரை.

எண்ணியவர்கள்: 4. நோயாளிகள்: 41.

நாற்பத்தொன்றாவது நோயாளிக்குப் படுக்கை எண் இல்லை. அறை எண் இருந்தது.

இந்த அறை.

எழப் பார்த்தாள். இடது கை மேசையை விட்டு வரவில்லை.

"ஹலோ? அம்மா, லைன்ல இருக்கியா?"

 

திரையில் ஓர் எண் விழுந்தது. 88.

மணிக்கட்டில் ஏதோ சில்லென்றது. குனிந்து பார்த்தாள். உட்புறத்தில், மூன்று விரல் பதிந்ததுபோல் மூன்றிடத்தில் தோல் அமுங்கி வெளுத்திருந்தது.

பக்கத்தில் யாருமில்லை.

71.

குழிகள் ஆழமாயின.

52.

அடுத்த வரியில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது, அவள் நாடியைவிட வேகமாக.