கேட்டதாகச் சொன்னவர்கள்

செவ்வாய்க் குடியிருப்பில் காற்று கசிந்தால் முதலில் சொல்வது கருவியல்ல, காது. செம்மண் தூசு கசிவுணரிகளை அடைத்துவிடும். அதனால் கசிவுக் காவலர்கள் கண்ணை மூடிக்கொண்டு சுவரோரமாக நடந்து, ஊசிமுனை போன்ற விசில் சத்தத்தைத் தேடுவார்கள். ஆண்டுக்கொரு முறை அவர்களுக்குச் செவிச்சோதனை. தேறாதவர்கள் அடுத்த கப்பலில் பூமிக்குத் திரும்பவேண்டியதுதான்.

செண்பகவல்லி வேலைப் பழக்கத்தில் கண்ணை மூடியே சோதனை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒலி கேட்டதும் அழுத்தவேண்டிய பொத்தானை ஒரு தடவைகூட அழுத்தவில்லை.

"என்னக்கா, தூங்கிட்டீங்களா?" சோதனையாளன் ரெஜினால்டுக்கு முகம் வெளிறிவிட்டது. "ஒண்ணுகூடவா கேக்கல?"

"சத்தம் வந்தாத்தானே தம்பி அமுக்க? நீ ஒண்ணும் விடலியே."

"காலையிலருந்து வந்த காவலர் அத்தனை பேரும் பாஸாயிட்டாங்கக்கா."

அவள் கணவனுக்கு இங்கே ஒப்பந்தம் முடியப் பல ஆண்டுகள் இருந்தன. போனால் அவள் மட்டும்தான் போகவேண்டும்.

"நீயே மாட்டிப் பாரு," என்றாள்.

ரெஜினால்ட் ஹெட்போனை மாட்டினான். திரையில் பச்சை விளக்கு மினுங்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தினான்.

"கேக்குதா?"

"லேசா... கேக்குதே."

அவள் குனிந்து, தரையில் கிடந்த ஹெட்போன் வயரின் நுனியை எடுத்துக் காட்டினாள்.

"இத எங்க செருகணும் தம்பி?"

ஒவ்வோர் ஒலியையும் அனுப்பும்போது தன் புருவம் உயர்ந்தது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வந்தவர்கள் அதைப் பார்த்துப் பார்த்து அழுத்தியிருக்கிறார்கள். கண்ணை மூடியிருந்தவள் இவள் ஒருத்திதான்.

நிர்வாகி குலசேகரனிடம் ஓடினான். "வயரச் செருகி எல்லாருக்கும் மறுபடி சோதனை வச்சிரலாம் சார்."

"வச்சு, அத்தனை பேரும் ஃபெயிலானா? சான்றிதழ் பூமிக்குப் போயாச்சு. ஒருத்தருக்குக் கேக்கலேன்னா காதுக் கோளாறு. எல்லாருக்கும் கேக்கலேன்னா அது என் கோளாறு."

"அந்தக்காவுக்குத்தான் சார் காது சரியா இருக்கு."

"எல்லாருக்கும் கேட்டது அவங்களுக்கு மட்டும் கேக்கல. அதுக்குப் பேரு செவிடு. அனுப்பிருங்க."

கப்பலுக்குப் போகும் குழாய்ப்பாதையில் சக காவலர்கள் வழியனுப்ப வந்திருந்தார்கள். கணவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பாதி வழியில் செண்பகவல்லி நின்றாள்.

"கசியுது. கேக்குதா உங்களுக்கு?"

"கேக்குதுக்கா," என்றார்கள், ஒரே குரலில்.

"எந்தப் பக்கம்?"

யாரும் சுவரைப் பார்க்கவில்லை. அத்தனை கண்களும் அவள் முகத்தின் மேலேயே இருந்தன, அது எந்தப் பக்கம் திரும்பும் என்று.