பல்லு போன சாட்சி

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...!

போன் அலறியது.

டாக்டரின் இரண்டு கையிலும் கிரீஸ். ஒரு விரலை மட்டும் துடைத்து, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே செருகிக்கொண்டார்.

ஊசி போடுகிற டாக்டர் இல்லை இவர். எலெக்ட்ரிக் சைக்கிள் மெக்கானிக். எந்த வண்டி வந்தாலும், "போஸ்ட்மார்ட்டம் பண்ணிட்டுத்தான் சொல்வேன்" என்று ஆரம்பிப்பார். அதனால் தெரு முழுக்க டாக்டர்.

"ஏங்க..." மனைவியின் அழுகைக் குரல். "என் தம்பியைப் போலீஸ் புடிச்சிருச்சுங்க!"

"எதுக்கு?"

"நகையைப் பறிச்சிட்டு ஓடிட்டானாம்!"

"உன் தம்பியா? ஓடினானா? போர்வையை உதறி எழுந்திரிக்கவே அவனுக்குப் பத்து மணி ஆகுமே!"

"விளையாடாதீங்க! அவன் மட்டும் உள்ள போனான்... நீங்க வீட்டு வாசப்படி மிதிக்கக்கூடாது. சொல்லிட்டேன்!"

டொக்.

டாக்டருக்கு வியர்த்தது. ஜெயிலுக்குப் போனால் மச்சினனுக்கு மூன்று வேளையும் சாப்பாடு கிடைக்கும். தனக்கு யார் போடுவார்கள்?

யோசித்து முடிப்பதற்குள் கடை வாசலில் ஒரு போலீஸ் ஜீப் கிறீச்சிட்டு நின்றது.

முதலில் இறங்கியவர் இன்ஸ்பெக்டர். நடுத்தர வயதுப் பெண்மணி. சிரித்துப் பல வருடம் ஆகியிருக்கும் போன்ற முகம்.

அடுத்து இரண்டு கான்ஸ்டபிள்கள் ஒரு நீல நிற எலெக்ட்ரிக் சைக்கிளை இறக்கினார்கள்.

அதற்கப்புறம் வெள்ளைச் சட்டையும், கழுத்தில் விரல் பருமனுக்கு ஒரு மஞ்சள் சங்கிலியுமாக ஒருவர் இறங்கினார்.

கடைசியாக இறங்கியது... மச்சினன்!

"இந்த ஏரியாவுல கரண்ட் சைக்கிள் பார்க்கற மெக்கானிக், 'டாக்டர்'னு சொல்றாங்களே, நீங்கதானே?"

"ஆமா மேடம்."

"இவனைத் தெரியுமா?"

டாக்டரின் மூளை வேகமாகக் கணக்குப் போட்டது. தெரியும் என்றால் தன் வார்த்தை செல்லாது.

"தெரியாது மேடம். யார் இது?"

மச்சினனுக்கு அதிர்ச்சி. "மச்..."

டாக்டர் முறைத்தார்.

"மச்... மச்சம்! உங்க மூக்குல மச்சம் சார்! ரொம்ப அழகா இருக்கு!"

இன்ஸ்பெக்டர் டாக்டரின் மூக்கை உற்றுப் பார்த்தார். அங்கே ஒரு பொட்டு கிரீஸ் இருந்தது. இருவரும் தப்பித்தார்கள்.

"இவர் நகைக்கடை வெச்சிருக்கார்." இன்ஸ்பெக்டர் வெள்ளைச் சட்டையைக் காட்டினார். "ஒரு கஸ்டமர் பாலிஷ் போடக் கொடுத்த சங்கிலியை இன்னிக்குக் காலைல எடுத்துட்டு நடந்து வந்திருக்கார். பதினோரு மணி. ஹெல்மெட் போட்ட ஒருத்தன் நீல எலெக்ட்ரிக் சைக்கிள்ல வந்து பறிச்சிட்டுப் போயிட்டான். அரை மணி நேரத்துல ரெண்டு தெரு தள்ளி இவன் மாட்டினான். நீல சைக்கிள், ஹெல்மெட், மேல்மூச்சு கீழ்மூச்சு!"

"தள்ளிட்டு வந்தேன் மேடம்! அதான் மூச்சு வாங்குச்சு!" மச்சினன் கதறினான். "பத்தரைக்கே மோட்டார் செத்துப் போச்சு. செத்த வண்டியில எப்படி மேடம் திருட முடியும்?"

"திருடிட்டு ஓடும்போது செத்திருக்கலாம் இல்ல?" இன்ஸ்பெக்டர் டாக்டர் பக்கம் திரும்பினார். "அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தோம். மோட்டார் எப்ப செத்துச்சு? எப்படிச் செத்துச்சு? எனக்குத் தெரிஞ்சாகணும்."

இருபது வருஷ சைக்கிள் தொழிலில், யூனிஃபார்ம் போட்ட ஒருவர் டாக்டரிடம் இப்படிக் கேட்டதே இல்லை. மச்சினன் கவலையையும் மீறி அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"போஸ்ட்மார்ட்டம் பண்ணிட்டுத்தான் மேடம் சொல்வேன்!"

"இதுல பண்றதுக்கு என்ன இருக்கு?" நகைக்கடைக்காரர் குதித்தார். "இவனேதான்! பூனை மாதிரி வந்தான், பூனை மாதிரி போனான். துளி சத்தம் இல்ல!"

டாக்டர் காதில் வாங்கவில்லை. சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, பின் சக்கரத்தை அந்தரத்தில் நிறுத்தினார். சக்கரத்தின் நடுவே தட்டுப் போல உட்கார்ந்திருந்தது மோட்டார். மீட்டரை எடுத்துப் பேட்டரியில் வைத்தார்.

"பேட்டரிக்கு உயிர் இருக்கு."

பிரேக் லீவரை அழுத்தி விட்டார்.

"இதுக்குள்ள ஒரு சுவிட்ச் இருக்கு மேடம். அது மாட்டிக்கிட்டா மோட்டார் ஓடாது. அதுவும் சரியாத்தான் இருக்கு."

வயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டு வந்தார். ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை. பிறகு ஆக்சிலரேட்டரைத் திருகினார்.

உர்ர்ர்ர்ர்...

சக்கரத்தின் வயிற்றுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. சக்கரம் அசையவே இல்லை!

"என்ன இது?"

"இதயம் துடிக்குது மேடம். கால்தான் விளங்கலை. மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவுல பல்சக்கரம் இருக்கு. அது போயிருக்கும். திறந்து பார்த்தாத்தான்..."

ட்ரிங்... ட்ரிங்...!

டாக்டரின் இரண்டு கையும் சக்கரத்தில் மாட்டியிருந்தன. உதவி செய்கிற நல்ல மனசு ஒரு கான்ஸ்டபிளுக்கு. போனை எடுத்தார். ஸ்பீக்கரையும் போட்டுவிட்டார்.

"ஏங்க! என் தம்பி என்ன ஆனான்? உங்களுக்கு ஒரே ஒரு மச்சினன்! அவனைக் காப்பாத்தத் துப்பில்லையா உங்களுக்கு?"

"அக்காஆஆ!" மச்சினன் போனைப் பார்த்து அலறினான்.

கான்ஸ்டபிள் அவசரமாகப் போனை அணைத்தார்.

இன்ஸ்பெக்டர் நிதானமாகக் கேட்டார். "மூக்குல மச்சம்...?"

"மச்சான்தான் மேடம்," என்றார் டாக்டர், தரையைப் பார்த்து.

"பார்த்தீங்களா!" நகைக்கடைக்காரர் கைதட்டினார். "குடும்பமே கூட்டுக் களவாணி!"

"இனிமே நீங்க சொல்ற ஒரு வார்த்தையும் எனக்கு வேணாம்." இன்ஸ்பெக்டரின் குரல் இறுகியது. "என் கண்ணால பார்க்கணும். என் முன்னாடி திறங்க. ஏதாவது தில்லுமுல்லு பண்ணினீங்க... ரெண்டு பேரும் ஒரே செல்!"

மச்சினனோடு ஒரே செல்! அவன் குறட்டை டாக்டருக்குத் தெரியும்.

நட்டைக் கழற்றினார். சக்கரத்தை உருவி மேஜையில் படுக்க வைத்தார். மூடியிலிருந்து விளிம்பு வரைக்கும் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார்.

"இது எதுக்கு?"

"மூடும்போது மூடி பழைய இடத்துலயே உட்காரணும் மேடம்."

ஸ்க்ரூக்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ரப்பர் சுத்தியலால் விளிம்பைச் சுற்றித் தட்டினார்.

டொக்... டொக்... டொக்...

மூடி அசைந்தது... கிளம்பியது... வந்துவிட்டது!

குப்பென்று சூடான கிரீஸ் வாடை. உள்ளே மூன்று பிளாஸ்டிக் பல்சக்கரங்கள். ஒன்றிலும் பல் இல்லை! மொழுமொழுவென்று பொக்கை வாயாக இருந்தன.

"கிரீஸைத் தொட்டுப் பாருங்க மேடம்."

இன்ஸ்பெக்டர் தொட்டார். விரலைத் தேய்த்தார். "நறநறன்னு இருக்கு."

"பல்லோட பொடி. இன்னிக்கு ஒரே அடியில உடைஞ்சிருந்தா துண்டு துண்டாக் கிடக்கும். இது தேய்ஞ்சு தேய்ஞ்சு மாவாகியிருக்கு. குறைஞ்சது மூணு வாரம் ஆகியிருக்கும். அந்த மூணு வாரமும் இந்த வண்டி கத்திக்கிட்டே இருந்திருக்கும்."

"கத்துமா?"

"ஐயோ மேடம்! கராக் கராக்னு கத்தும்!" மச்சினன் முந்திக்கொண்டான். "எங்க தெரு நாய் எல்லாம் பதிலுக்குக் குலைக்கும்!"

"மூணு வாரமா கத்துதுன்னா என்கிட்ட ஏன்டா கொண்டு வரலை?"

"கொண்டு வந்தா திட்டுவீங்க மச்சான்."

இன்ஸ்பெக்டர் மெல்ல நகைக்கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

"பூனை மாதிரி வந்தான்னீங்க?"

"அது... கொஞ்சம் சத்தம் வந்துச்சு மேடம்."

"எப்படி?"

"விர்ர்னு..."

"கராக்னு இல்லையா?"

"ஆங்... கராக்! ரெண்டும் கலந்து வந்துச்சு மேடம். விர்ர்கராக்னு!"

இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறியது. நகைக்கடைக்காரர் லேசில் விடுகிற ஆள் இல்லை. சட்டென்று மோட்டாரை நோக்கி விரலை நீட்டினார்.

"மேடம்! பறிச்ச சங்கிலியை இதுக்குள்ளதான் திணிச்சிருப்பான்! அது சிக்கித்தான் பல்லு போயிருக்கு! பொடி கிடி எல்லாம் இவங்க விடற கதை!"

"அரை மணி நேரத்துல, நடு ரோட்டுல, இதைத் திறந்து மூட முடியுமா?" டாக்டர் கொதித்தார்.

"சந்தேகம்னு வந்தாச்சு," என்றார் இன்ஸ்பெக்டர். "அடி வரைக்கும் திறங்க."

டாக்டர் பல்சக்கரங்களைக் கழற்றி வைத்தார். அடியில் செம்புக் கம்பி சுற்றிய உருளை. அதைக் கவிழ்த்து மூடியபடி ஒரு இரும்பு வளையம்.

"மேடம், இந்த வளையத்துக்கு உள்பக்கம் பூரா காந்தம். பொல்லாத காந்தம். வாட்ச், சாவி எல்லாத்தையும் தள்ளி வெச்சிடுங்க. எட்டியே நில்லுங்க."

இன்ஸ்பெக்டர் வாட்ச்சைக் கழற்றினார். கான்ஸ்டபிள்கள் இரண்டடி பின்னால் போனார்கள்.

நகைக்கடைக்காரர் மட்டும் மேஜை மேலேயே குனிந்தார். "நல்லாப் பாருங்க மேடம்! விட்டா இவங்க கையில மறைச்சிடுவாங்க!"

டாக்டர் வளையத்தைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. பல்லைக் கடித்து, காலை மேஜையில் உதைத்து, மூச்சடக்கி இழுத்தார்.

ப்ளக்!

வளையம் கையோடு வந்தது. மல்லாக்க மேஜையில் வைத்தார். உள்ளே வரிசையாக, பளபளவென்று காந்தங்கள். சங்கிலி இல்லை.

தச்!

இப்போது இருந்தது!

கூடவே நகைக்கடைக்காரரின் கழுத்தும் இருந்தது. கழுத்துச் சங்கிலி காந்தத்தைக் கவ்விக்கொள்ள, மனிதர் மேஜைக்குத் தலைவணங்கி நின்றார்.

"ஐயோ! எடுங்க! எடுங்கய்யா!"

டாக்டர் பிரிக்கப் போனார். இன்ஸ்பெக்டர் கையை நீட்டித் தடுத்தார்.

"டாக்டர்... தங்கத்தைக் காந்தம் இழுக்குமா?"

"இழுக்காது மேடம்."

"கொக்கி மேடம்!" குனிந்த தலையிலிருந்து குரல் வந்தது. "கொக்கிக்குள்ள சின்ன ஸ்பிரிங் இருக்கும். அது இரும்பு!"

"கொக்கி உங்க பிடரியில இருக்கு. ஒட்டியிருக்கறது முன்பக்கம்."

ஊருக்கெல்லாம் தங்கம், தங்கம் என்று சொல்லிச் சொல்லி, அது போலி என்பது அவருக்கே மறந்து போயிருக்க வேண்டும்.

"உண்மையைச் சொன்னா கழுத்து கிடைக்கும்," என்றார் இன்ஸ்பெக்டர், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபடி.

நகைக்கடைக்காரர் ஐந்து நிமிடம் தாங்கினார். பிறகு கொட்டிவிட்டார்.

"கஸ்டமரோட சங்கிலியை நான்தான் வித்துட்டேன் மேடம்! இன்னிக்கு அந்தம்மா வந்து கேட்பாங்க... என்ன சொல்றதுன்னு தெரியலை. ரோட்டுல ஒருத்தன் நீல சைக்கிளைத் தள்ளிட்டுப் போனான். அவன் தலைல போட்டுட்டேன்..."

"தள்ளிட்டுப் போனதைப் பார்த்தீங்க. ஓட்டிட்டுப் போனான்னு எழுதிக் கொடுத்தீங்க!"

கான்ஸ்டபிள்கள் அவரைக் காந்தத்திலிருந்து பிய்த்து ஜீப்பில் ஏற்றினார்கள். மச்சினன் டாக்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். கிரீஸைப் பற்றி இருவருமே கவலைப்படவில்லை.

"இனி இவர் கடையில நகை வாங்கின எல்லாரோட நகையையும் சோதிக்கணும்," என்றார் இன்ஸ்பெக்டர். "இந்தக் காந்தம் இப்படியே இருக்கட்டும் டாக்டர்."

டாக்டரின் முகம் மாறியது.

"எதுக்கு மேடம்? தூசி விழும்... மூடிடறேனே..." அவசர அவசரமாக வளையத்தை எடுக்கப் போனார்.

"கண்ணாஆஆ!"

வாசலில் மனைவி! ஓடி வந்து தம்பியை அணைத்துக்கொண்டாள். "இளைச்சுப் போயிட்டியேடா!"

"ரெண்டு மணி நேரம்தான்க்கா ஆச்சு."

பிறகு தம்பி நடந்ததைச் சொல்ல, அவள் கணவனைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"உங்களை என்னென்னமோ பேசிட்டேன்ங்க. நீங்க மட்டும் இல்லைன்னா... நீங்க தெய்வம்ங்க!"

கல்யாணமான இத்தனை வருடத்தில் இப்படி ஒரு பார்வையை அவள் பார்த்ததில்லை. உலகத்திலேயே சந்தோஷமான மனிதர் டாக்டர்தான்.

அது எட்டு விநாடி நீடித்தது.

"அக்கா!" என்றான் மச்சினன். "உன் சங்கிலியும் இவர் கடைதானே? கல்யாண நாளுக்கு மச்சான் வாங்கிக் கொடுத்தாரே!"

"ஆமாடா!" அவள் கை கழுத்துக்குப் போனது.

"கழட்டுங்கம்மா. ஒரு நிமிஷத்துல பார்த்துடலாம்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"வேணாம்...!" டாக்டர் பாய்ந்தார்.

தச்!

மனைவியின் உதடு துடித்தது. டாக்டர் சட்டென்று தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயையோ! என்னையும் ஏமாத்திட்டானே! மேடம், என் புகாரையும் எழுதிக்கோங்க! ராப்பகலா உழைச்சு என் பொண்டாட்டிக்குன்னு ஆசையா வாங்கினேன் மேடம்!"

"அடப் பாவி!" மனைவி ஜீப்பைப் பார்த்துச் சீறினாள். "என் வீட்டுக்காரரையா ஏமாத்தினே? நீ உருப்படுவியா?"

டாக்டர் மெல்ல மூச்சு விட்டார்.

ஜீப்புக்குள்ளிருந்து ஒரு தலை நீண்டது.

"மேடம்! ஒரு நிமிஷம்! இப்பத்தான் ஆளு ஞாபகம் வருது! இவர் கேட்டு வாங்கினதே கவரிங், இரும்பு மேல தங்க முலாம்! 'தங்கம் மாதிரி இருக்கணும், ஆனா தங்கமா இருக்கக்கூடாது'ன்னார்! பில்லுலயே கவரிங்னு எழுதிக் கொடுத்திருக்கேன்! என் கடையில நடந்த ஒரே நேர்மையான வியாபாரம் அதுதான் மேடம்!"

மனைவி திரும்பினாள். மிக மெதுவாகத் திரும்பினாள்.

அவள் கை மேஜையைத் துழாவியது. ரப்பர் சுத்தியல் அகப்பட்டது.

மச்சினன் நான்கடி தள்ளிப் போய் நின்றான்.

"மேடம்..." டாக்டரின் குரல் கம்மியது.

"சொல்லுங்க டாக்டர்."

"ஜீப்புல... இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்குமா?"