கோணல் இருபத்தாறு

காலை ஐந்தரைக்குக் குயிலி தன் அம்மாவை உறைக்குள் வைத்துப் பூட்டினாள். காற்றில்லாத வெளியில் பனி வெட்டப் போட்டுக்கொள்ளும் அந்த உறைக்கு நாற்பத்திரண்டு பூட்டுகள். ஒன்று கால் சுற்றுத் தளர்ந்தாலும் அம்மாவின் மூச்சு வெளியே போய்விடும். நிலவின் ஒன்பதாம் பனிக்குழியில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதுதான் முதல் வேலை. அங்கே இருந்த ஒரே பிள்ளையும் அவள்தான்.

பள்ளிக்கூடம் சுவர்த்திரையில் வரும். முப்பது முகங்கள் சின்னச் சின்னக் கட்டங்களில் தெரியும். நேரம் முடிந்ததும் அணைந்துவிடும். தன் வயதுப் பிள்ளையின் கையைக் குயிலி தொட்டதே கிடையாது. 'செய்து பார் அறிவியல்' கண்காட்சி அறிவிப்பு வந்தபோது பரிசை அவள் நினைக்கவில்லை. தேர்வானவர்கள் நகரத்து மண்டபத்தில் ஒரு பகல் முழுக்க நிற்க வேண்டும். நாற்பது மேசை. அப்படியென்றால் அவளைத் தவிர முப்பத்தொன்பது பிள்ளைகள்.

ஒதுக்கிப் போட்ட குழாயை அறுத்து, உடைந்த கண்ணாடியை இடித்து நிரப்பி, கலங்கிய பனிநீரைத் தெளியவைக்கும் வடிகலன் ஒன்றைச் செய்தாள். முதலில் நிலவுத்தூளைத்தான் நிரப்பியிருந்தாள். தூளே தண்ணீரில் கலந்து வந்தது. இரண்டாவதில் மூட்டு ஒழுகியது. மூன்றாவதில் தெளிந்த நீர் வந்தது. அம்மா ஒரு வாய் குடித்துப் பார்த்து, "குழித்தண்ணி மாதிரியே இல்லடி" என்றாள்.

படைப்புகளைச் சலிக்கும் எந்திரத்துக்கு மதிப்பி என்று பெயர். அது அரை நிமிடத்தில் சொல்லிவிட்டது: "வயது வந்தவர் கை. கோணல் அளவு நான்கு. பன்னிரண்டு வயதுக்கு உரியது இருபத்தாறு. நிராகரிக்கப்பட்டது."

அம்மா காத்தாயி நேரே பண்டகக் கடைக்குப் போனாள். கடைக்காரன் அந்தோணி சிரித்தான்.

"செஞ்சது உம் பொண்ணுதானேக்கா?"

"அவதான்."

"அதான் தப்பு. பிள்ளைங்களே செய்யுறத எவன்க்கா சேத்துக்குவான்?"

"தெனம் நாப்பத்திரண்டு பூட்டு முறுக்குற கைடா அது. கோணலா வான்னா வருமா?"

"கோணல் எங்கிட்ட இருக்கு. பொம்மை எரிமலை ஒண்ணு தரவா? பசை வழிஞ்சிருக்கும், ஓரத்துல குட்டி விரல் ரேகை இருக்கும். அளவு இருபத்தாறு, ஒரு புள்ளி கூடாது."

காத்தாயி காசை எண்ணி வைத்தாள். எரிமலையை வாங்கிக்கொண்டு வந்தாள். குயிலிக்கு அழுகை வந்தது. "அங்க போகணுமா, வேணாமா?" என்றாள் அம்மா. போக வேண்டும். அவ்வளவுதான். எரிமலை தேர்வானது.

அம்மாவுக்கு விடுப்பு இல்லை. சரக்கு வண்டியில் பனிப்பாளங்களுக்கு நடுவே மூன்று மணி நேரம் தனியாக உட்கார்ந்து போனாள் குயிலி. வழியெல்லாம் முதலில் என்ன பேசுவது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எம் பேரு குயிலி. உம் பேரு என்ன?

மண்டபத்தில் நாற்பது மேசைகள் இருந்தன. அவற்றின் பின்னால் முப்பத்தொன்பது பெரியவர்கள் நின்றார்கள். சிலர் துண்டுச் சீட்டைப் பார்த்து முணுமுணுத்தார்கள். ஒருவர், "உள்ளிருக்கும் அழுத்தம்... உள்ளிருக்கும் அழுத்தம்..." என்று நெற்றியைத் தட்டிக்கொண்டார்.

பக்கத்து மேசை அம்மாள் திரும்பினாள். "நீயே வந்துட்டியா பாப்பா? வீட்டுல பெரியவங்க யாரும் இல்லையா?"

"அம்மா குழில வேலை." குயிலி மண்டபத்தை இன்னொரு தரம் பார்த்தாள். "பிள்ளைங்கல்லாம் எங்க?"

"பிள்ளைங்களா? இன்னிக்கு டியூஷன் இருக்கேம்மா! இதுக்கெல்லாம் அனுப்பிட்டிருந்தா படிப்பு என்னாகிறது?"

மதிப்பி தூரத்தில் மேசை மேசையாக விளக்கம் கேட்டபடி உருண்டு வந்துகொண்டிருந்தது. அந்த அம்மாள் குயிலியின் மேசையை எட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"அட, உனக்கும் எரிமலைதானா! கவலைப்படாத. நான் நல்லா மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கேன். உன்னோடதையும் சேத்து நானே சொல்லிடறேன்."

குயிலி நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.