மூன்றாம் குளிரறையின் பதிவு

டெலிபோன் அலறியது.

எட்டுத் தடவை அலறிய பிறகுதான் துரீட் எடுத்தாள்.

ஐம்பத்தாறு வயது. ஓலசுன்ட் துறைமுகத்து மீன் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பன்னிரண்டு வருஷமாக ஒண்டியாகக் கட்டி மேய்ப்பவள்.

"சொல்லுங்க..."

"போலீஸ். இன்ஸ்பெக்டர் ஐவிந்த். உடனே கம்பெனிக்கு வாங்க."

"சர்வர் படுத்துடுச்சா?"

"இல்ல. ஒரு ஆளு!"

மூன்றாம் குளிரறை. மைனஸ் இருபத்தெட்டு.

கதவில் முதுகைச் சாய்த்தபடி ஒட்வார் உட்கார்ந்திருந்தார். தரப் பரிசோதகர். உயிர் இல்லை. புருவமெல்லாம் உறைபனி. நகங்கள் பிய்ந்திருந்தன.

துரீட் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது வருஷமாகப் பகல் சாப்பாட்டுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்த மனுஷன்!

"உள்ளேருந்து திறக்கற கைப்பிடி உடைஞ்சிருக்கு." ஐவிந்த் கொட்டாவியை விழுங்கினார். "விபத்துன்னு எழுதிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்..."

"விபத்தில்ல. பழைய மீனுக்குப் புதுத் தேதி ஒட்டறாங்கன்னு கண்டுபிடிச்சிருந்தான். இன்னிக்கு அரசாங்கத்துக்குப் புகார் கொடுக்கறதா இருந்தான்."

"ஓ! அப்ப அந்தப் புகார் விஷயம் உங்களுக்கும் தெரியும்."

"எனக்கும்னா?"

"எந்தக் கதவை எப்போ யாரு பூட்டினாங்கன்னு கம்ப்யூட்டர்ல பதிவாகும், இல்லியா? எங்க ஆளு ஒண்ணாம் சர்வரைத் திறந்து பார்த்தான். பதிவு ஃபோல்டரே இல்ல! காலைல ஏழே காலுக்கு அழிச்சுட்டு ப்ளக்கையும் பிடுங்கியிருக்காங்க."

"யாரு?"

"உங்க பாஸ்வேர்டு!"

ஐவிந்த் நோட்டைப் புரட்டினார்.

"ஏழே காலுக்கு எங்க இருந்தீங்க?"

"வீட்ல."

"சாட்சி?"

"பூனை."

"அது கோர்ட்டுக்கு வராதே..."

பின்னால் காலடிச் சத்தம். டைரக்டர் ஸ்டெய்னார்! கையில் காப்பிக் கோப்பை. முகத்தில் கச்சிதமான துக்கம்.

"துரீட்... நீயா? உன்னைப் போய் நம்பினேனே!"

"என் பாஸ்வேர்டை எழுதிக் கவர்ல போட்டு உங்க பெட்டகத்துல வைக்கச் சொன்னீங்க, ஸ்டெய்னார். நானும் முட்டாள் மாதிரி வெச்சேன்."

"பழியை என் மேல திருப்பறியா?"

"இன்ஸ்பெக்டர்..." அவள் குரலில் கோபம்கூட இல்லை. களைப்பு மட்டுமே இருந்தது. "ரெண்டாவது சர்வரைப் பார்த்தீங்களா?"

"அது வெறும் உதிரின்னு இவர் சொன்னாரு."

"ஒண்ணு விழுந்தா ரெண்டாவது எழுந்து கதவுங்களைப் பார்த்துக்கும். அதுக்குப் பழைய பதிவெல்லாம் எங்கேருந்து கிடைக்கும்?"

ஐவிந்த் விழித்தார்.

"பதிவு எதுவும் ரெண்டு சர்வர்லயும் கிடையாது. ரெண்டுக்கும் பொதுவா தனியா ஒரு டிஸ்க் இருக்கு. எல்லாம் அதுலதான். சர்வர்ல ஃபோல்டர் மாதிரி தெரியுதே... அது வெறும் லிங்க். 'இந்தப் பக்கம் போ'ன்னு கை காட்டற பலகை! ரெண்டு சர்வர்லயும் ஆளுக்கொரு பலகை."

"அப்ப அழிஞ்சது..?"

"ஒரு பலகை. ஊரு அப்படியே இருக்கு!"

ஸ்டெய்னாரின் கோப்பை சாய்ந்தது. காப்பி ஷூவில் கொட்டியது.

"அந்த லிங்க்கைப் போட்டவளே நான்தான், இன்ஸ்பெக்டர். நான் அழிச்சிருந்தா டிஸ்க்லயே அழிச்சிருப்பேன். இது லிங்க்குன்னு தெரியாத ஆளு செஞ்ச வேலை."

லாப்டாப்பைத் திறந்தாள். இரண்டாவது சர்வர். திரையில் வரிகள் இறங்கின.

மெல்லப் படித்தாள்.

"5:52. மூணாம் அறை வெளியிலிருந்து பூட்டப்பட்டது. கார்டு... ஸ்டெய்னார்."

"அந்தக் கார்டு தொலைஞ்சு போச்சு!" ஸ்டெய்னார் கத்தினார்.

"5:55. உள்ளேருந்து அபாய மணி. 5:55, மணி நிறுத்தப்பட்டது. 5:58, மணி. நிறுத்தப்பட்டது. 6:04..."

வரிகளை விரலால் எண்ணிக்கொண்டே கீழே போனாள்.

"பதினோரு தடவை அடிச்சிருக்கான். கடைசி 6:49. அதுக்கப்புறம்... எதுவும் இல்ல."

"நிறுத்தினது யாரு?" ஐவிந்தின் தூக்கம் பறந்திருந்தது.

"டைரக்டர் அறையிலேருந்து. கார்டால இல்ல... கைரேகையால!"

ஐவிந்த் திரும்பினார். "விரலும் தொலைஞ்சு போச்சா, ஸ்டெய்னார்?"

விலங்கு பூட்டும்போதுதான் ஸ்டெய்னார் வெடித்தார்.

"துரீட்! இந்த நிமிஷத்துலேருந்து உனக்கு இங்க வேலை இல்ல!"

துரீட் கண்ணைத் துடைத்துக்கொண்டு லாப்டாப்பை மூடினாள்.

"அதை எழுத்துல கொடுத்துட்டுப் போங்க. பன்னெண்டு வருஷத்துல நீங்க கொடுக்கற முதல் லீவு!"