அத்தை எப்போது உட்காருவார்?

மரக்காணத்தில் மலர்கொடி அத்தை வீட்டுக்கு வந்ததிலிருந்து ஜான்சியின் வாய்க்கு ஓய்வே இல்லை. அவளுடைய சொந்தப் பேச்சு கொஞ்சம்தான். மற்றவர்கள் பேச்சைச் சுமந்து திரிவதுதான் பெரிய வேலையாக இருந்தது.

"ஜான்சி, அதுக்குத் தண்ணி வேணுமான்னு கேளு."

இது அத்தை, தமிழில்.

"ஜான்சி, இங்கிருந்து கடல் எவ்வளவு தூரம் என்று கேள்."

இது ஓயுனா, மங்கோலிய மொழியில்.

அப்பாவும் அம்மாவும் வெளியே போய்விட்டால், அந்த வீட்டில் இரண்டு மொழியும் தெரிந்த ஒரே ஆள் பத்து வயது ஜான்சிதான்.

ஜான்சியின் அப்பா அறிவழகன் இந்த ஊர்க்காரர். ஆனால் அவரும் அம்மா மேரிசெல்வியும் இப்போது இருப்பது மங்கோலியாவின் தலைநகரமான உலான்பாத்தரில். அங்கே கல்லூரி மாணவர்கள் நடுவே ஊழியம் செய்கிறார்கள்.

"ஊழியம்னா என்னாடி செய்வாங்க?" என்று அத்தை ஒருநாள் கேட்டார்.

ஜான்சி யோசித்தாள். "சனிக்கிழமை எல்லாரும் எங்க வீட்டுக்கு வருவாங்க. பைபிள் படிப்பாங்க, பாடுவாங்க. மத்த நாள்லயும் வருவாங்க. யாருக்காவது காய்ச்சல்னா அப்பா பனியில நடந்து விடுதிக்குப் போவாரு. பரீட்சையில ஃபெயிலாயிட்டு யாராவது அழுதா அம்மா சூப் வெச்சுக் கொடுப்பாங்க. அவங்க அழுது முடிக்கிற வரைக்கும் கூடவே உட்கார்ந்திருப்பாங்க."

"அந்தக் குளிர்லயா?"

"மூக்குல இருக்கிற முடியெல்லாம் ஐஸ் ஆயிடும் அத்தை."

அத்தை தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தம்பியைப் பற்றி நினைக்கும்போது அவருக்குப் பெருமையும் கவலையும் சேர்ந்தே வரும். அவர் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. அத்தை வீட்டு அலமாரியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் அப்பாவின் பைபிளுக்கும் இடம் கொடுத்திருந்தார்.

ஜான்சிக்கும் அப்பா அம்மாவைப் பற்றிப் பெருமைதான். ஒரே ஒரு குறை. வீட்டில் எப்போதும் யாராவது இருப்பார்கள். அம்மாவிடம் ஒரு விஷயம் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் கதவு தட்டும். அதனால்தான் இந்த விடுமுறைக்காக அவள் ஏங்கிக் காத்திருந்தாள். ஒரு மாதம் மரக்காணம். அப்பா, அம்மா, குட்டித் தம்பி, அவள். வேறு யாரும் இல்லை.

கிளம்புவதற்குச் சில நாள் முன்புதான் அம்மா சொன்னாள், "ஓயுனாவும் நம்மகூட வர்றா."

ஓயுனா கல்லூரி மாணவி. அவளுக்கு அப்பா சிறு வயதிலேயே இல்லை. அம்மாவும் போன வருடம் இறந்துவிட்டார். விடுமுறையில் விடுதி காலியாகிவிடும். அவளுக்குப் போக இடமில்லை.

விமானத்தில் அம்மாவுக்குப் பக்கத்து இருக்கையில் ஓயுனா உட்கார்ந்தபோது, ஜான்சி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

2004ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அது. உப்பளத்தில் புது உப்பு வாரத் தொடங்கியிருந்தார்கள். வந்த அன்றே வெள்ளை வெளேரென்ற உப்புக் குவியல்களைப் பார்த்து ஓயுனா திகைத்துப்போனாள்.

"இந்த வெயிலில் பனி எப்படி உருகாமல் இருக்கிறது?" என்று கேட்டாள்.

மாயவன் மாமா சிரித்துக்கொண்டே ஒரு கல் உப்பை அவள் கையில் வைத்தார். ஓயுனா நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் குழந்தைபோலச் சிரித்தாள். அத்தையும் மாமாவும் அந்த உப்பளத்தில்தான் வேலை செய்தார்கள். அத்தைக்கு அவளை அப்போதே பிடித்துப்போனது.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, அந்தச் சனிக்கிழமை வரைக்கும்.

அன்று புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் மாணவர்கள் கூடியிருந்தார்கள். மங்கோலியாவைப் பற்றிப் பேச அப்பாவையும் அம்மாவையும் கூப்பிட்டிருந்தார்கள். தம்பியைத் தூக்கிக்கொண்டு இருவரும் முதல் பஸ்ஸுக்கே கிளம்பினார்கள்.

"நானும் வர்றேம்மா."

"ஓயுனா வரலைன்னு சொல்லிட்டா. நீயும் வந்துட்டா அவ யார்கூடப் பேசுவா?" என்றாள் அம்மா.

மறுபடியும் ஓயுனா. ஜான்சி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

உள்ளே ஓயுனா குளித்து முடித்து, தலை வாரி, நீல நிறப் பட்டு அங்கி போட்டு நின்றிருந்தாள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை தொங்கும் கனத்த அங்கி. இடுப்பில் மஞ்சள் கச்சை. மங்கோலியாவில் விசேஷ நாளில் போடுவது. காலையிலேயே அவள் நெற்றியில் வேர்வை வழிந்தது.

"எதுக்கு இதைப் போட்டிருக்கிறாய்?"

"இன்று வெள்ளை மாதத்தின் முதல் நாள்."

மங்கோலியர்களுக்கு அது புது வருடம். நம் பொங்கல் போலப் பெரிய பண்டிகை. நிலவைப் பார்த்துக் கணக்கிடும் நாள் அது.

"நாளைக்கு என்றல்லவா அம்மா சொன்னாள்?"

"உன் அம்மா தவறாக எண்ணிவிட்டார். நான் சொல்லவில்லை. சொன்னால் கல்லூரிக்குப் போக மாட்டார். அங்கே பிள்ளைகள் காத்திருப்பார்களே." ஓயுனா அடுப்படிப் பக்கம் பார்த்தாள். "உன் அத்தை எப்போது உட்காருவார் என்று கேட்கிறாயா?"

இது என்ன கேள்வி என்று ஜான்சிக்குப் புரியவில்லை. கேட்கவும் பொறுமை இல்லை. "அத்தை, உங்களுக்கு வேலை இருக்கான்னு கேக்குறா" என்று சுருக்கிவிட்டாள்.

"வேலை இல்லாம எப்படி? அதைச் சாப்பிடச் சொல்லு" என்றார் அத்தை, தட்டில் இட்லியை வைத்துக்கொண்டே.

"சாப்பிடச் சொல்கிறார்."

ஓயுனா தலையசைத்தாள். ஆனால் சாப்பிடவில்லை. சுவரோரம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அத்தை சட்னி அரைத்தார், துணி அலசினார், வாசலைப் பெருக்கினார். வரும்போதும் போகும்போதும் தட்டைப் பார்த்தார். இட்லி ஆறிக்கொண்டிருந்தது.

"என்னாவாம் அதுக்கு? நேத்து வரைக்கும் நல்லாத்தானே சாப்பிட்டுது? நம்ம சோறு இறங்கலியா? மூஞ்சியும் வாடிக் கிடக்குது."

இத்தனையையும் யார் மொழிபெயர்ப்பது? ஜான்சி ஓயுனாவிடம், "நன்றாகத் தூங்கினாயா என்று கேட்கிறார்" என்றாள்.

"இல்லை. இரவெல்லாம் அம்மா நினைவாக இருந்தது."

"இல்லைன்னு சொல்றா அத்தை."

நம் சோறு இறங்கவில்லையா என்று கேட்டதற்கு இல்லை என்று பதில். அத்தையின் முகம் சுருங்கிப்போனது. ஓயுனா மெல்லப் பின்வாசல் வழியாக உப்பளத்துப் பக்கம் நடந்து போனாள்.

அத்தை மாமாவைக் கூப்பிட்டார். "ஏங்க, அந்தப் பொண்ணு இங்க இருந்தா பட்டினி கிடந்து நோவுல விழுந்துடும். குயிலாப்பாளையத்துல வெள்ளைக்காரங்க தங்குற வீடெல்லாம் இருக்குதே. அங்கன்னா அது சாப்பிடுற சாப்பாடு கிடைக்கும். சடையப்பனை ஆட்டோ எடுத்துக்கினு வரச் சொல்லுங்க. நானே கூடப் போய் விட்டுட்டு வர்றேன்."

"அறிவழகன் வந்ததும் கேட்டுட்டுச் செய்யலாமே" என்றார் மாமா.

"அது வரைக்கும் பச்சைத்தண்ணி கூடக் குடிக்காம நிக்கும். போங்க."

மாமா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓயுனாவின் பையை எடுத்து வாசலில் வைத்தார். வழியில் சாப்பிட முறுக்கும் அதில் வைத்தார்.

ஜான்சியின் மனசு ஒரு துள்ளு துள்ளியது. ஓயுனா போய்விட்டால் சாயங்காலம் அம்மா வருவாள். அம்மா மடியில் படுத்துக்கொண்டு வேண்டிய மட்டும் பேசலாம். தான் ஒன்றுமே செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும்.

ஆனால் சும்மா இருக்க முடியவில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தாள்.

உப்புப் பாத்திகளுக்கு நடுவே வரப்பில் ஓயுனா உட்கார்ந்திருந்தாள். நீலப் பட்டு முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது. வீட்டு வாசல் அங்கிருந்தே தெரிந்தது.

"என் பையை எடுத்து வைத்திருக்கிறார்கள். நான் போக வேண்டுமா?"

ஜான்சி வாசலில் இருந்த பையைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னால் உன் அத்தைக்குக் கஷ்டம் என்றால் போகிறேன், ஜான்சி. ஒரே ஒரு நிமிடம் மட்டும் அவரை உட்காரச் சொல்கிறாயா?"

"எதற்கு?"

"இன்று காலையில் வீட்டிலேயே மூத்த பெண்மணிக்கு முதல் வணக்கம் சொல்ல வேண்டும். அவர் உட்கார்ந்து கைகளை நீட்டுவார். நான் கீழேயிருந்து அவர் முழங்கைகளைத் தாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் சாப்பாடு. போன வருடம் வரை என் அம்மாவின் கைகளைத் தாங்கினேன்." ஓயுனாவின் குரல் இறங்கியது. "இந்த வருடம் உன் அத்தையின் கைகளைத் தாங்கலாம் என்று நினைத்தேன். ஆனால் அவர் உட்காரவே இல்லை."

ஜான்சிக்கு உலான்பாத்தர் பள்ளியில் தன் முதல் நாள் நினைவுக்கு வந்தது. அப்போது அவளுக்கு ஒரு வார்த்தை கூட மங்கோலிய மொழி தெரியாது. மற்றப் பிள்ளைகள் கேட்டதெல்லாம் வெறும் சத்தமாகத்தான் காதில் விழுந்தது. நம் பேச்சு யாருக்கும் போய்ச் சேராவிட்டால் எப்படி இருக்கும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

"இங்கேயே இரு. எங்கேயும் போகாதே" என்று சொல்லிவிட்டு வரப்பு மேலேயே ஓடினாள்.

அத்தை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஜான்சி மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளை மாதம், ஓயுனாவின் அம்மா, முழங்கை, முதல் வணக்கம், எதையும் விடவில்லை.

அத்தைக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. "நம்ம சோறு இறங்கலியான்னு கேட்டேனே. இல்லைன்னு சொல்லிச்சே?"

ஜான்சி தரையைப் பார்த்தாள். "அதை நான் சொல்லவே இல்ல அத்தை. தூங்குனியான்னு கேட்டேன்."

"அப்ப, வேலை இருக்கான்னு கேட்டது?"

"நீங்க எப்போ உட்காருவீங்கன்னு கேட்டா. நான்தான் மாத்திட்டேன். உங்க ரெண்டு பேர் மேலயும் எனக்குக் கோவம் இல்ல அத்தை. அம்மா என்னை விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு கோவம்."

அத்தை தேய்த்த பாத்திரத்தைக் கையில் வைத்தபடியே நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார், "நான் உட்காரலன்னு அது சாப்பிடல. அது சாப்பிடலன்னு நான் உட்காரல. நல்லா இருந்துச்சு போ."

திட்டு விழும் என்று நினைத்த ஜான்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தையும் சிரித்தார்.

"ஆமா, பண்டிகைன்னா அங்க என்னா சாப்பிடுவாங்க?"

"இறைச்சிக் கொழுக்கட்டை செய்வாங்க. வந்தவங்களுக்கு முதல்ல டீ கொடுப்பாங்க. பால் டீதான். ஆனா சர்க்கரை போட மாட்டாங்க, உப்பு போடுவாங்க."

"டீயில உப்பா?" அத்தை ஒரு நொடி யோசித்தார். "போடட்டும். மரக்காணத்துல உப்புக்கா பஞ்சம்?"

அத்தை முகம் கழுவினார். தீபாவளிக்கு எடுத்த பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டார். அடுப்பில் டீ கொதித்தது. கூடத்தில் நாற்காலியைப் போட்டு, ஜான்சியைப் பார்த்தார். "போய்க் கூட்டிக்கினு வா. அத்தை உட்கார்ந்துட்டாங்கன்னு சொல்லு."

ஓயுனா வந்தாள். நாற்காலியில் அத்தையைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

அத்தை இரண்டு கைகளையும் நீட்டினார். உப்புத் தண்ணீரில் வெடித்துக் காய்த்துப்போன கைகள். ஓயுனா குனிந்து, தன் கைகளை அவற்றின் அடியில் கொடுத்து, முழங்கைகளைத் தாங்கிக்கொண்டாள்.

"அமர் பைன ஊ?"

"அமைதியா இருக்கீங்களான்னு கேக்குறா அத்தை" என்றாள் ஜான்சி. இந்த முறை ஓர் எழுத்தைக்கூட அவள் மாற்றவில்லை.

"இருக்கேன்னு சொல்லு. இந்த வீட்டுல அதுவும் அமைதியா இருக்கணும்னு சொல்லு."

ஜான்சி சொன்னாள். மங்கோலிய வழக்கப்படி மூத்தவர்கள் இளையவர்களின் கன்னத்தை முகர்வார்கள் என்று ஜான்சி சொல்வதற்குள், அத்தை தாமாகவே ஓயுனாவின் முகத்தை இழுத்துக் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டார். ஓயுனா அழுதாள். அவள் அழுது முடிக்கும் வரை அத்தை எழுந்திருக்கவில்லை.

அதற்குள் மாமா சடையப்பனோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"எங்க போகணும்?" என்றார் சடையப்பன்.

"எங்கயும் போக வேணாம். வந்ததுக்கு டீ குடிச்சிட்டுப் போ" என்றார் அத்தை.

சடையப்பன் ஒரு வாய் குடித்தார். கண்கள் விரிந்தன. மாமாவைப் பார்த்தார். மாமா கூரையைப் பார்த்தார்.

"அண்ணி, சர்க்கரை டப்பான்னு நெனச்சு உப்பு டப்பாவைக் கவுத்துட்டீங்களா?"

"பண்டிகை டீப்பா. பேசாம குடி."

ஜான்சி அதையும் ஓயுனாவுக்கு மொழிபெயர்த்தாள். ஓயுனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்த கையோடு தட்டில் இருந்த இட்லி அத்தனையும் சாப்பிட்டு, இன்னும் வேண்டும் என்றாள். அதைச் சொல்ல ஜான்சி தேவைப்படவில்லை. தட்டை நீட்டினாள், அத்தை வைத்தார்.

சாயங்காலம் அப்பாவும் அம்மாவும் தம்பியோடு திரும்பி வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. உப்பளத்தில் பேச்சுக்குரல் கேட்டது. அங்கே போனார்கள்.

ஓயுனா மாமாவின் பழைய சட்டையைப் போட்டு, தலையில் துண்டு கட்டி, நீளக் கொம்பில் பூட்டிய பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்தாள். "இழுக்கும்போது அழுத்தாதே, மண்ணு வரும்" என்று அத்தை தமிழில் சொன்னார். ஓயுனா மங்கோலிய மொழியில் ஏதோ பதில் சொன்னாள். இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள்.

அப்பா தம்பியை அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டு அவர்கள் பக்கம் நடந்தார்.

ஜான்சி வரப்பில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீ இங்க இருக்கே. அவங்க பேசுறதை யார் எடுத்துச் சொல்றது?"

"யாரும் வேணாம்மா. மத்தியானத்துலேருந்து எனக்கு வேலையே இல்ல."

"அப்படி என்னடி நடந்துச்சு?"

யாரும் கூப்பிடவில்லை. தட்டுவதற்கு அங்கே கதவும் இல்லை. ஜான்சி அம்மா மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு, விடிகாலை பஸ்ஸிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொல்லத் தொடங்கினாள்.