சத்தத்துக்கு ஒரு லிமிட்

"அப்பாவோட பிளேயர் கெட்டுப் போச்சுன்னு சொல்றீங்களே அண்ணி, அப்ப உள்ள பாடுறது யாரு?"

நாத்தனார் கேட்டதும் தையல்காரி உள்ளறைக் கதவை மறித்து நின்றாள். அதுவரை நடந்த சண்டையில் அவள் குரல்தான் தெருக்கோடி வரை போயிருந்தது; அந்தத் தொண்டைக்கு மைக் தேவையில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

"எங்கப்பா கையில கடைசியா இருந்தது. அத எனக்குக் குடுக்க உங்களுக்கு என்ன வலிக்குது?"

வலித்தது. கொடுத்தால், அதில் தான் செய்துவைத்த காரியம் இவள் கண்ணில் பட்டுவிடும்.

மாமனார் வாதத்தில் படுத்தபின் பேச்சு போய், வலது கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. நெஞ்சின்மேல் எந்நேரமும் ஸ்பீக்கர் வைத்த ஒரு குட்டி மியூசிக் பிளேயர். ஏதாவது வேண்டுமென்றால் பட்டனை அமுக்கிப் பாட்டின் சத்தத்தை ஏற்றுவார். முன்னறையில் தைத்துக்கொண்டிருக்கும் மருமகள் எழுந்து ஓடுவாள். மனிதருக்கு அதுதான் குரல்.

அடிக்கடி சார்ஜ் போடுவது இவளுக்குத் தொல்லை. மொபைல் கடைக்காரரிடம் யோசனை கேட்டாள். "திரை வெளிச்சத்தக் குறைங்கக்கா, சத்தத்துக்கு ஒரு லிமிட் வச்சிடுங்க. பேட்டரி வாரக்கணக்குல நிக்கும்." அப்படியே செய்தாள். நின்றது. தெருவில் ஒருவர் விடாமல் பீற்றிக்கொண்டாள், ஏதோ மின்சாரத்தையே இவள்தான் கண்டுபிடித்த மாதிரி.

பிறகொரு மத்தியானம், அவசரத் தையல். மிஷின் நிற்காமல் ஓடியது. அதன் இரைச்சலுக்கு மேல் பாட்டு ஏறவேயில்லை, கிழவருக்கு ஒன்றும் வேண்டாம் போலிருக்கிறது என்று அவளுக்கு நிம்மதி. போய்ப் பார்த்தபோது சளி அடைத்து முகம் நீலம். விரல் பட்டனை அமுக்கியபடியே விறைத்திருந்தது. புருஷன் வருவதற்குள் விரலிலிருந்து பிளேயரைப் பிரித்தெடுத்தாள். பேட்டரியைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். வெறும் பிளேயரை பீரோவில் துணிக்கடியில் ஒளித்தாள்.

இப்போது அது பாடுகிறது.

"நீ இங்கயே இரு. நான் பாக்குறேன்."

சாத்தியே கிடந்த மாமனாரின் அறையில் தைலமும் ஈரப் போர்வையும் கலந்த பழைய வாடை இன்னும் சுவரில் ஒட்டியிருந்தது. திரைச்சீலையைத் தாண்டி வந்த பகல் வெளிச்சம் வெறுங்கட்டிலின் நடுவில் மட்டும் ஆள் அகலத்துக்கு மங்கியிருக்க, அந்த மங்கலில், நெஞ்சு இருக்கவேண்டிய இடத்தில், பிளேயர் தாழ்ந்த குரலில் பாடிக்கொண்டிருந்தது.

எடுத்துத் திருப்பினாள். பேட்டரிக் குழி காலி.

பட்டன் அமுங்கியது. தானாக. எழும்பியது. அமுங்கியது. சத்தம் ஏறவில்லை. இன்னும் வேகமாக. கெஞ்சுகிற மாதிரி.

"வந்துட்டேன் மாமா... தெரியாம பண்ணிட்டேன் மாமா..."

பட்டன் நின்றது. பாட்டும்.

தைல வாடை. கழுத்தருகே. குளிர்ந்த கட்டைவிரல் ஒன்று. தொண்டைக்குழியில். அமுக்கியது.

அலறினாள். இருந்த மூச்சையெல்லாம் கூட்டி.

"என்ன அண்ணி முணுமுணுக்கிறீங்க?" என்றாள் கூடத்திலிருந்து நாத்தனார். "சத்தமாத்தான் சொல்லுங்களேன்!"

பிளேயரை ரிப்பேருக்குக் கொண்டுபோன நாத்தனார், அந்த மொபைல் கடைக்காரரையே கட்டிக்கொண்டாள். அவள் அண்ணன் தன் பெண்டாட்டியோடு வேறு ஊருக்குக் குடிபோனான். "இப்பல்லாம் நம்ம வீட்டம்மா ரொம்ப அமைதிங்க" என்று பார்ப்பவரிடமெல்லாம் சந்தோஷமாகச் சொல்கிறானாம், பாவம். மத்தியானங்களில் அவன் அடுத்த அறையில் குறட்டை விடும்போது அவள் சுவரோரம் நிற்கிறாள்: வாய் கிழியப் பிளந்து, நரம்பெல்லாம் புடைத்து, கண்ணீர் வழிய, தொண்டைக்குழியில் விரலளவு பள்ளம் ஒன்று அமுங்கி எழும்பி, அமுங்கி எழும்பி.