ஐந்து குதிரைகளும் ஒரு தரைத்துணியும்

உறவில் யார் புது வீட்டுக்குக் குடிபோனாலும் பெரியப்பா ஒரு படம் பரிசளிப்பார். ஐந்து வெள்ளைக் குதிரைகள் கடற்கரையில் ஓடும் படம். தங்க நிறச் சட்டம், கண்ணாடி, கீழே தகட்டில் அவருடைய பெயர். அத்தை வீட்டில் அதே குதிரைகள். சித்தப்பா வீட்டிலும் அதே குதிரைகள். மாமா வீட்டில் இரண்டு தடவை.

இன்று மாலை ஐந்து மணிக்கு அவை குண்டூசியின் புது வீட்டுக்கு வருகின்றன.

குண்டூசிக்கு வயது பத்து. ஆள் ஒல்லி, கேள்வி கூர்மை. அதனால் அந்தப் பெயர். அவள் அப்பா பெயிண்டர். ஊரில் பாதிச் சுவர்கள் அவர் அடித்தவை. சொந்த வீட்டுச் சுவர் மட்டும் மொட்டையாக இருந்தது.

"அண்ணன் ஆசையா கொண்டு வர்றாரு. வேண்டாம்னு எப்படிச் சொல்றது?" என்றார் அப்பா, குதிரைகளை நினைத்துப் பெருமூச்சு விட்டபடி.

சுவரை முதலில் நிரப்பிவிட்டால்? குண்டூசி காலையிலிருந்து வரைந்தாள். அவளுடைய யானையை அம்மா உருளைக்கிழங்கு என்று பாராட்டினாள்.

மூன்று மணிக்கு அப்பா, வேலை செய்யும்போது தரையில் விரிக்கும் துணியைப் பால்கனிக் கம்பியில் உதறிப் போட்டார். ஒன்பது வருடத் துளிகள் அதில். வெயில் பட்டதும் அத்தனை நிறங்களும் பளபளத்தன.

இதையே சுவரில் மாட்டலாம் என்றாள் குண்டூசி. அப்பாவுக்குக் கூச்சம்.

"கால்ல மிதிக்கிற துணிம்மா. பாக்கறவங்க சிரிப்பாங்க."

அவள் விடவில்லை. இந்த ஆரஞ்சு எது என்று கேட்டாள். ரொட்டிக் கடைக் கதவு. இந்த நீலம்? ஆஸ்பத்திரியில் குழந்தைகளே தேர்ந்தெடுத்தது. இந்த நீள ரோஜா நிறக் கோடு? ஏணி சறுக்கி, டப்பா தலையில் கவிழ்ந்து, அப்பா மூன்று தெரு ரோஜா நிறமாகவே நடந்து வந்த நாள். சொல்லச் சொல்ல அப்பாவுக்கே உற்சாகம் தொற்றிக்கொண்டது. பழைய ஜன்னல் சட்டத்தை அவரே தேடி எடுத்து வந்தார். தையல்காரியான அம்மா ஓரத்தை மடித்துத் தைத்தாள். கடைசி ஆணி இறங்கவும் அழைப்பு மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

பெரியப்பா குதிரைகளோடு நுழைந்தார். சுவரைப் பார்த்தார்.

"என்னடா, பெயிண்ட் கொட்டின துணியக் காயப் போட்டிருக்க?"

அப்பாவின் முகம் சுருங்கியது. குண்டூசி ஓடிப்போய்ப் பெரியப்பாவின் விரலைப் பிடித்துத் துணியின் ஒரு மூலையில் வைத்தாள்.

"இது உங்க வீட்டு ஹால், பெரியப்பா. முதல்ல அடிச்ச மஞ்சள். இது உங்களுக்குப் பிடிக்காம மாத்தின மஞ்சள். இது திரும்பவும் முதல் மஞ்சள்."

பெரியப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குனிந்தார். குதிரைகளைக் கதவோரம் சாய்த்துவிட்டு இன்னும் குனிந்தார். கீழே வண்டியருகே நின்ற பெரியம்மாவுக்குப் போன் போட்டு, "மேல வா, நாம சுவத்துல இருக்கோம்" என்றார்.

பெரியம்மா வந்தாள். அவளுக்கும் காட்டினார். அடுத்து பக்கத்து வீட்டுக்காரரை நிறுத்தி அவருக்கும் காட்டினார். குதிரைகளை மாட்ட இடம் வேண்டும் என்ற பேச்சே எழவில்லை. கிளம்பும்போது அவரே அவற்றைத் தூக்கி வண்டியில் வைத்தார். பிறகு ஏதோ உறுத்த, மறுபடி மாடியேறி வந்தார்.

"ஏன்டா, ரொட்டிக் கடைக்காரன் துளி இவ்வளவு பெருசா இருக்கு. நம்ம துளி சின்னதா இல்ல?"

"அடுத்த தடவ நிறம் மாத்தும்போது சொல்லுங்கண்ணே," என்றார் அப்பா. "தாராளமா சிந்திடறேன்."